எடை அதிகம், ஒருவர் வெளியே நிற்கவும்

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் பெரிய பெண்ணின் மாமனார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். அவர் தலையிலிருந்து இரும்பு வளையத்தைக் கழற்றி அன்றோடு எட்டு நாள். கழுத்தில் ஒரு கெட்டிப் பட்டை மட்டும் மிச்சம். எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு வரப் போயிருந்தேன். அவர் மனைவி டீ போட உள்ளே போனதும், நாற்காலியோடு என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"சம்பந்தியம்மா, ஒரு விஷயம் சொல்றேன். உள்ள இருக்கறவளுக்குத் தெரியக் கூடாது."

எனக்கு ரகசியம் கேட்கிற பழக்கம் கிடையாது. ஆனாலும் கழுத்து ஒடிந்து பிழைத்த மனுஷர். மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.

லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். முப்பத்து நான்கு வருஷமாக ஊரையே ஏற்றி இறக்கினவர். அப்படிப்பட்டவர் விழுந்தது படிக்கட்டில். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் அன்று நின்றுவிட்டது. "நான் இருக்கற கட்டடத்துல லிஃப்ட் நிக்கறதா?" என்று ரோஷமாகக் கிளம்பி, நாலாம் மாடிப் படியில் கால் வழுக்கி, ஏழு படி தலைகுப்புற உருண்டார். கழுத்தில் மேலிருந்து இரண்டாவது எலும்பு ஒடிந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாராம்.

"எலும்பு ஒடிஞ்சிருக்கு, ஆனா இடம் விலகல. கத்தி வைக்க வேண்டாம். பன்னிரண்டு வாரம் தலையும் உடம்பும் ஒரே துண்டா இருந்தாப் போதும். அதுவே கூடிடும்."

"நடுவுல அசைஞ்சிட்டா, டாக்டர்?"

"மூச்சுக்குப் போற நரம்பு அந்த எலும்புக்குள்ளதான் இறங்குது."

"கேபிள் மாதிரி."

"கேபிளேதான்."

அதற்கு மேல் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேபிள் அறுந்த லிஃப்ட் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியாததா?

தலையைச் சுற்றி வளையம் மாட்டினார்கள். நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு, ஆக நான்கு ஸ்க்ரூ மண்டை ஓட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். வளையத்திலிருந்து நான்கு கம்பி இறங்கி, மார்பையும் முதுகையும் சேர்த்துப் பூட்டிய பிளாஸ்டிக் கவசத்தில் போய் முடியும். கடைசியாக, மார்பில் ஒரு சின்ன ஸ்பேனரை வைத்து டேப் ஒட்டினார்கள். திடீரென்று நெஞ்சு நின்றுபோனால் கவசத்தின் முன்பாதியைத் திறந்து அமுக்க வேண்டுமே, அதற்கு.

"இத வேற எதுக்கும் யாரும் தொடக் கூடாது" என்றாராம் நர்ஸ். அதை அவரிடம் சொல்லவில்லை, அவர் மனைவியிடம் சொன்னார். ஆளைப் பார்த்ததுமே நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"யோசிச்சுப் பாருங்க, சம்பந்தியம்மா. வாழ்நாள் பூரா ஸ்பேனர் பிடிச்ச கை. என் மேல போல்ட்டு. என் மார்ல ஸ்பேனர். ஆனா நான் மட்டும் தொடக் கூடாது!"

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்ததாம், வளையத்துக்குள் உலகமே வேறு. கீழே பார்க்க முடியாது. அதனால் அவருக்குத் தட்டு இல்லை, கால் இல்லை, செருப்பு இல்லை. டீயை ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டும். யாராவது கூப்பிட்டால் பீரோவை நகர்த்துகிற மாதிரி மொத்தமாகத் திரும்ப வேண்டும். திரும்பி முடிப்பதற்குள் கூப்பிட்டவர் போய்விடுவார்.

அதைவிட மோசம் சத்தம். அந்தக் கம்பிகள் எல்லாச் சத்தத்தையும் நேரே மண்டைக்குள் கொண்டுவந்து இறக்குமாம். கம்பியில் நகம் பட்டால் தலைக்குள் மணி அடிக்கும். காலையும் மாலையும் அவர் மனைவி பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்து ஸ்க்ரூ இறங்கின இடங்களைத் துடைப்பார். அந்தப் பஞ்சு உரசுவது, மாடியில் யாரோ ஒரு மூட்டையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகிற மாதிரி கேட்குமாம்.

"மாடியில யாரு இருக்கா?" என்று முதல் நாள் கேட்டிருக்கிறார்.

"நமக்கு மேல மாடியே இல்லைங்க" என்றாராம் அவர் மனைவி.

மூன்றாவது வாரம் அரிப்பு ஆரம்பித்தது. முதுகில், தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில், கவசத்துக்கு உள்ளே. விரல் போகாது. குச்சி விடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார்.

"கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

"எங்கங்க கை போகுது? கடவுளைக் கும்பிட்டுக்கோங்க, போயிடும்."

"கடவுள் கையும் உள்ள போகாதுடி. சைஸ் பத்தாது."

(இப்படிப் பேசினதற்காக அவருக்கும் சேர்த்து நான் அன்று இரவு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.)

அந்தத் திங்கட்கிழமைதான் அவர் தீர்மானம் எடுத்தது. மனைவி ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறார். காலை பத்து மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். ஐந்து மணி நேரம் போதும். முன்பக்கத்து நட்டு இரண்டைத் தளர்த்தினால் கவசம் வாய் திறக்கும். கையை விட்டு ஆசை தீரச் சொறிந்துகொள்ளலாம். அப்படியே பத்து நிமிஷம் கட்டிலில் சப்பையாகப் படுக்கலாம். பிறகு நட்டை இருந்த இடத்துக்கே முறுக்கிவிட்டால் டாக்டர் அப்பனுக்கும் தெரியாது.

"கழுத்து என்ன லிஃப்ட்டாண்ணே, நிறுத்தி வச்சு சர்வீஸ் பண்றதுக்கு?" என்றேன்.

"அரிப்பு வந்தவனுக்கு எல்லாம் லிஃப்ட்டு மாதிரிதான் தெரியும், சம்பந்தியம்மா."

ஆனால் அவர் முறையான தொழிலாளி. எந்த நட்டையும் திறப்பதற்கு முன்னால் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவார். மறுபடி முறுக்கும்போது கோடும் கோடும் ஒட்டினால் பழைய இடம். கோடு போடாமல் அவர் ஒரு சைக்கிள் மணியைக்கூடக் கழற்றினதில்லை. திங்கட்கிழமை முழுவதும், சவரக் கண்ணாடி முன்னால் நின்று, கை ஒரு பக்கம் போக கண்ணாடியில் இன்னொரு பக்கம் தெரிய, தட்டுத் தடுமாறி இரண்டு கோடு போட்டு முடிப்பதற்குள் மூன்று மணியாகிவிட்டது.

மாலையில் மனைவி பஞ்சும் தண்ணீரும் எடுத்து வந்து துடைத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் துடைத்த மாதிரி இருந்ததாம். ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருடைய பழைய கூட்டாளி வந்துவிட்டார். கூடவே வேலை செய்தவர், எல்லாரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "அண்ணி மிக்ஸி ஓடலைன்னாங்க" என்று சொல்லிக்கொண்டு சமையலறையில் ஒரு மணி நேரம் இருந்தார். அன்று மாலை மனைவி ஒரு பருத்தி மேலுறை தைத்துக் கொண்டுவந்து கவசத்துக்கு மேல் மாட்டிவிட்டார். முன்னால் ஸ்பேனருக்கென்று ஒரு பை.

"எதுக்கு இது?"

"டேப்பு பிரிஞ்சுபோகுது. ஸ்பேனர் எங்கயாவது விழுந்துட்டா? அவசரத்துக்குக் கைக்குக் கிடைக்கணும்னு நர்ஸ் சொல்லியிருக்காங்கள்ல?"

"அட, புத்திசாலி" என்று பாராட்டினாராம். மனசுக்குள், ஸ்பேனர் எடுக்க இனி சுலபம் என்று கணக்கு.

புதன்கிழமை பத்து மணிக்கு மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போனார். வீடு அமைதி. பிரிட்ஜ் உறுமுவது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அவர் பையில் கைவிட்டு ஸ்பேனரை உருவினார்.

"எடை அதிகம். ஒருவர் வெளியே நிற்கவும்."

ஒரு பெண் குரல். நிதானமான, கோபமே இல்லாத குரல். முதுகுக்குப் பின்னாலிருந்து, இல்லை, தலைக்கு உள்ளேயிருந்து.

அவர் ஸ்பேனரைப் பைக்குள் திருப்பிப் போட்டார். குரல் நின்றது.

"யாரு?" என்றார். பதில் இல்லை.

மெல்லத் திரும்பினார். சுவர், காலண்டர், நாற்காலி. யாரும் இல்லை. ஆனால் அவர் திரும்பினால் பின்னால் இருப்பதும் சேர்ந்து திரும்புமே! இன்னும் ஒரு சுற்று. இன்னும் ஒன்று. கூடத்து நடுவில் அவர் பம்பரம் மாதிரி மெதுவாகச் சுற்றியதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வந்தது, கையில் மயிரும் சிலிர்த்தது.

"அந்தக் குரல் எனக்குத் தெரியும், சம்பந்தியம்மா. அதுதான் விஷயமே."

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆறு மாடி ஆபீஸ் கட்டடம். அதன் லிஃப்ட்டில் ஒரு பேசும் பெட்டி. ஆள் அதிகமாக ஏறினால் இந்த வார்த்தையைச் சொல்லும். ஆனால் அந்தப் பெட்டி கூட்டம் ஏறினால் பேசாது. தனியாக ஒருத்தர் ஏறினால் மட்டும் பேசும். ஒற்றை ஆளாக உள்ளே நிற்கிறவரிடம், ஒருவர் வெளியே நிற்கவும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆபீஸில் பெண்கள் படியேறியே வேலைக்குப் போனார்கள். அவர் எடைக் கருவியை மாற்றினார், ஒயரை மாற்றினார், பழுது ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பெட்டியையே கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, "இதத் தூக்கிப் போட்டுடு" என்று மனைவியிடம் கொடுத்தார். அந்தக் கட்டடத்தையும் பிற்பாடு இடித்துவிட்டார்கள்.

"இடிச்சுப் போட்ட லிஃப்ட்டு, என்னத் தேடிக்கிட்டு வந்து பின்னால நிக்குது."

"கடவுளே" என்றேன்.

அவர் விடவில்லை. பின்னால் யாரும் நிற்க இடம் கொடுக்கக் கூடாது என்று முதுகைச் சுவரோடு ஒட்டவைத்து நின்றார். மறுபடி ஸ்பேனரை உருவினார்.

இந்தத் தடவை சுவரே பேசியதாம். சுவர், கம்பி, வளையம், பல் எல்லாம் சேர்ந்து: "எடை அதிகம். ஒருவர் வெளியே நிற்கவும்."

வீட்டில் இருந்ததோ அவர் ஒருவர். வெளியே நிற்க வேண்டியது யார்? உடம்பா, உயிரா? அரிப்பு அந்த நொடியே போய்விட்டது.

மூன்று மணிக்கு மனைவி வந்தபோது கைப்பிள்ளை மாதிரி வாசலிலேயே நின்றிருக்கிறார்.

"என்னங்க, இங்க நிக்கறீங்க?"

"நாளைக்கு நீ லீவு போடேன்."

"என்ன திடீர்னு பாசம்?"

"சும்மாதான். நீ இங்கயே உக்காந்து தைக்கலாமே. என் பின்னால உக்காந்து."

"பின்னாலயா? எதுக்கு?"

"எனக்குத் துணையா இல்ல. உனக்குத் துணையா."

நான்காவது வாரம் ஒரு தடவை, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு முயன்று பார்த்தாராம். ரேடியோ காதுக்கு வெளியே. குரல் காதுக்கு உள்ளே. அன்றோடு கைகழுவினார். அதற்குப் பிறகு அவரைப் போல ஒழுங்கான நோயாளி கிடையாது. ஸ்க்ரூ துடைக்கிற நேரத்துக்கு அவரே பஞ்சை எடுத்து வைப்பார். சாய்ந்து தூங்கச் சொன்னால் சாய்ந்து தூங்குவார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்பு அழகாக் கூடுது. எப்படி இவ்வளவு பொறுமையா இருக்கீங்க?" என்று கேட்டாராம்.

"வீட்ல ஆள் பாத்துக்குது, டாக்டர்" என்றாராம் இவர். பக்கத்தில் இருந்த மனைவி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம்.

"கடைசியா ஒன்பதாவது வாரம்." அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அன்னிக்கு ஸ்பேனரைத் தொடவே இல்ல. சத்தியம்."

வெளிக்காற்று வாங்கலாம் என்று மனைவி இல்லாத நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்குப் போயிருக்கிறார். அவர் விழுந்த அதே படி. கால் தெரியாது, படியும் தெரியாது. நேர் எதிரே வெள்ளைச் சுவர் மட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார்.

"நிற்கவும்."

அதே குரல். முன்னால் பின்னால் ஒன்றும் இல்லை, அந்த ஒரு வார்த்தை மட்டும்.

தூக்கின கால் தூக்கினபடியே நின்றுவிட்டார். அப்போது கீழேயிருந்து, கட்டடம் கூட்டுகிற அம்மா கத்தினாளாம்: "ஐயா, இறங்காதீங்க! மேல் படி பூரா சோப்புத் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்!"

சொல்லிவிட்டு அவர் என் முகத்தையே பார்த்தார். நான் கடவுளுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் யாருக்குச் சொல்வது என்று சின்னக் குழப்பம் வந்துவிட்டது.

அவர் மனைவி டீத் தட்டோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ. தட்டில் மூன்று டம்ளர் டீ. பக்கத்தில் ஒரு பழைய பெட்டி, சோப்பு டப்பா அளவு, மேலே சின்னச் சின்ன ஓட்டை. அதிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது.

தட்டை வைத்துவிட்டு ஒயரின் முனையை விரலால் பிரித்தார்.

"எடை அதிகம். ஒருவர் வெளியே நிற்கவும்" என்றது பெட்டி.

சம்பந்தி நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போனார்.

"அடிப்பாவி! இதத் தூக்கிப் போடச் சொன்னேனே!"

"நல்லா ஓடற சாமானை யாராவது தூக்கிப் போடுவாங்களா? பரண்ல வச்சிருந்தேன்."

"இது எப்படி என் முதுகுல..."

"உறைக்குப் பின்னாலயும் ஒரு பை தச்சிருந்தேன். உங்களுக்குத்தான் பின்னால தெரியாதே. கிரீஸ் அண்ணன்தான் ஒயர் இழுத்துக் குடுத்தார். ஸ்பேனரை எடுத்தா பேசும், வச்சா நின்னுடும். லிஃப்ட் கதவுக்கு வைக்கற சுவிட்சாம்."

"கிரீஸா! மிக்ஸின்னானே!"

"மிக்ஸி அன்னிக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

"உனக்கு எப்படித் தெரியும், நான் திறக்கப் போறேன்னு?"

அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். "சம்பந்தியம்மா, ஸ்க்ரூவைத் துடைக்கறேன், நட்டுல சிவப்புக் கோடு. இவர் கோடு போட்டார்னா அடுத்து திறப்பார்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா அந்தப் பேனா மூடியத் தேடிக் குடுக்கறவ நான்தானே? சண்டை போட்டா கேட்கமாட்டார். அழுதா, சரி சரின்னு சொல்லிட்டு நான் போனதும் திறப்பார். அந்த நட்டு திறந்திருந்தா, இன்னிக்கு நீங்க இவரைப் பார்க்க வந்திருக்க மாட்டீங்க. என்னைப் பார்க்கத்தான் வந்திருப்பீங்க."

கடைசி வார்த்தையில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார், கழுத்து அசையாமல். எனக்கும் அடக்க முடியவில்லை.

"ஏமாந்துட்டேன், சம்பந்தியம்மா! ஒன்பது வாரம் ஒரு சோப்பு டப்பாவுக்குப் பயந்து கிடந்திருக்கேன்! ஆனா ஒண்ணுடி, அன்னிக்குப் படிக்கட்டுல இதுதான் என் உயிரைக் காப்பாத்துச்சு. அதை நான் ஒத்துக்கறேன்."

"எந்தப் படிக்கட்டு?"

"ஒன்பதாவது வாரம். நிற்கவும்னுச்சே."

அவர் மனைவியின் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"ஒன்பதாவது வாரமா? அஞ்சாவது வாரமே பெட்டிய எடுத்துட்டேனே. முதுகை உறுத்துமேன்னு எடுத்து, பரண்லயே திருப்பி வச்சிட்டேன். அப்புறம் அந்தப் பையில ஒண்ணுமே இல்லைங்க."

உள்ளே பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. சம்பந்தி கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை மெல்ல, மொத்தமாக, பின்பக்கம் திருப்பினார். நாங்களும் பார்த்தோம். சுவரும் காலண்டரும்தான்.

அவர் மனைவிதான் முதலில் தெளிந்தது. டம்ளரை அவர் கையில் வைத்தார்.

"அப்ப நல்லதாப் போச்சு. நாளையிலேருந்து நான் நிம்மதியா வேலைக்குப் போவேன். பார்த்துக்கத்தான் ஆள் இருக்கே. டீ ஆறுது, குடிங்க."

நான் கிளம்பும்போது லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே யாரும் இல்லை. கதவு திறந்து எனக்காகக் காத்திருந்தது. நான் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டே படியில் இறங்கினேன், கைப்பிடியை விடாமல்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கழுத்தில் அடிபட்டு வளையமோ பட்டையோ போட்டிருந்தால், பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். முன்னால் போய் நின்று, முகம் தெரிகிற மாதிரி பேசுங்கள்.